அத்திம்பேர் தைத்த கார்டிகன்

எங்கள் பீரோவின் மேல்தட்டில், பட்டுப் புடவைகளுக்குப் பக்கத்தில், சாம்பல் நிறக் கார்டிகன் ஒன்று இருக்கிறது. அதைத் தையல் வெளியே தெரியும்படி புரட்டித்தான் மடித்து வைத்திருக்கிறேன். துணி துவைக்க வரும் பெண் இரண்டு முறை அதை நேராக்கி மடித்துக் கொடுத்தாள். இரண்டு முறையும் நான் பிரித்து மறுபடி புரட்டினேன். மூன்றாம் முறை அவள், "இன்னாம்மா, உள்பக்கம் வெளிய கீது, உனுக்குத் தெரியலயா?" என்று கேட்டேவிட்டாள். தெரியும் என்று மட்டும் சொன்னேன். முழுக்கச் சொல்வதென்றால் அவளை உட்கார வைத்துக் காபி கொடுத்துத்தான் சொல்ல வேண்டும்.

அதைத் தைத்தவர் அத்திம்பேர், என் அக்காவின் கணவர். அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து, பாலங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். அவர் பென்சில் சீவுவதைப் பார்த்தாலே ஆளைப் புரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு சீவலும் ஒரே நீளம். பேச்சும் அப்படித்தான், அளந்து அளந்து. எங்கள் அம்மா அப்பா போன பிறகு, கல்யாணம் செய்துகொள்ளாத நான் மயிலாப்பூரில் அவர்களோடுதான் இருந்தேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை. கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியின் அலுவலகத்தில் எனக்கு வேலை. காலையில் போய் மாலையில் வருவேன். வந்ததும் வீட்டு வேலையோடு எனக்கு இன்னொரு வேலையும் காத்திருக்கும். இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் தபால்காரி.

அக்காவும் அத்திம்பேரும் பதினொரு வருஷம் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே கோயில், பேச்சு மட்டும் கிடையாது. "உன் அக்காகிட்ட சொல்லு, இன்னிக்கு மோர்க்கொழம்பு வேண்டாம்னு" என்பார், மூன்றடி தூரத்தில் அக்கா நின்றுகொண்டிருக்கும்போதே. "காதுல விழுந்துதுன்னு அவர்கிட்ட சொல்லு" என்பாள் அவள். சமயத்தில் சிரிப்பு வரும். பல நாள் இரண்டு பேரையும் ஓர் அறையில் போட்டுப் பூட்டிவிட்டு எங்காவது போய்விடலாமா என்று எரிச்சல்தான் வரும்.

காரணம் ஒரு தையல் மெஷின். அக்கா அழகாக ரவிக்கை தைப்பாள். தெருவில் பாதிப் பேர் அவளிடம்தான் கொடுப்பார்கள். ஒரு நாள் பக்கத்து வீட்டு மாமி ரவிக்கையை வாங்கிக்கொண்டு வாசலில் நிற்கும்போதே அத்திம்பேர் உள்ளேயிருந்து, "ஊர்ல இருக்கறவாளுக்கெல்லாம் தைச்சுப் போடணும்னு என்ன தலையெழுத்து? நான் சம்பாதிக்கறது போறலையா?" என்றார். மாமி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். அக்கா அன்றைக்கு மெஷினின் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடினாள். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை, அவரோடு பேசவுமில்லை. அவர் தான் சொன்னது தப்பு என்று எந்தக் காலத்திலும் சொல்லக் கூடியவர் இல்லை. அவளும் விடக் கூடியவள் இல்லை.

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிற்று. அடையாறில் ஒரு இடத்தில் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். இடது கையில்தான் ஊசி போடுவார்கள். நாலு மணி நேரம் ஏசி அறையில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே அவளுக்குப் பல் கிட்டிப்போகும். போர்வையை இழுத்துக் கையை மூடிக்கொள்வாள். டயாலிசிஸ் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பையன் நல்லவன், ஆனாலும் உடனே வந்து விலக்கிவிடுவான். "கை தெரியணும்மா. போத்திக்கினு படுத்தா, ஊசி நவுந்தா கூட எங்களுக்குத் தெரியாது. ரத்தம் போய்க்கினே இருக்கும்" என்பான். கடையில் வாங்கிய ஸ்வெட்டரின் கையை மேலே சுருட்டினால் அது இறுக்கிப் பிடித்தது. இறுக்கம் அந்தக் கைக்கு ஆகவே ஆகாது என்றார்கள். ஆக, கையைத் திறந்து போட்டுக்கொண்டு நடுங்கினாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, ஆட்டோ வந்து நின்ற பிறகு, அக்கா எழுந்திருக்கவில்லை. "நான் இனிமே போகலை. அங்க போய்ப் பொணம் மாதிரி விறைச்சுண்டு கிடக்கறதுக்கு ஆத்துலயே கிடக்கேன்" என்றாள். கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். புதன்கிழமையும் போகவில்லை. முகம் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தார்.

அத்திம்பேர் என்னைக் கூப்பிட்டார். "உன் அக்கா ஏன் போகலைன்னு கேட்டுண்டு வா" என்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "நீங்களே போய்க் கேளுங்கோ அத்திம்பேர். அவளுக்குக் குளிர்றது. கை திறந்து இருக்கணும், உடம்பு மூடி இருக்கணும். அப்படி ஒரு சட்டை உலகத்துல இல்லை. அதுக்காக அவ சாகப் போறா" என்று கத்தினேன். அவர், "எந்தக் கை?" என்று மட்டும் கேட்டார். இடது கை என்றேன். அவ்வளவுதான், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தி.நகரில் துண்டுத் துணி விற்கும் கடைகளில் தேடி, கனமான பனியன் துணி இரண்டரை மீட்டர் வாங்கி வந்திருந்தார். கம்பளி என்றால் அக்காவுக்கு அரிக்கும் என்பது அவருக்கு நினைவிருந்தது. கூடத்துத் தரையில் வரைதாளை விரித்துக் கார்டிகனின் முன்பக்கத் தோற்றத்தைப் பாலத்துக்கு வரைவதுபோல அளவுக் கோடுகளோடு வரைந்தார். இடது பக்கக் கை தோளிலிருந்து மணிக்கட்டு வரை பிளந்து, பிரஸ் பட்டன் வைத்து மூடுவதாக இருந்தது. உடம்பின் அளவு வேண்டுமே, அதை யார் போய்க் கேட்பது? பீரோவிலிருந்து அளவு ரவிக்கை ஒன்று எடுத்துத் தரச் சொன்னார். நான் எடுத்துக் கொடுத்தது அக்கா தைத்துக்கொண்டிருந்த காலத்து ரவிக்கை. அந்த உடம்பு எப்போதோ போய்விட்டது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மெஷினின் மேலிருந்த போர்வையை அவர் எடுத்த சத்தத்துக்கே, உள்ளறையில் படுத்திருந்த அக்கா தலையைத் தூக்கினாள். எண்ணெய் விட்டு, தூசி தட்டி, வியாழக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தார். கோடு போட்ட இடத்தில் நிற்கிற காகிதத்தோடு வாழ்ந்தவர் அவர். பனியன் துணியோ வெட்டும்போதே ஓரம் சுருண்டது, கையை எடுத்தால் சுருங்கியது, பிடித்தால் நீண்டது. "இது என்னடி, சொன்ன பேச்சு கேக்கவே மாட்டேங்கறது?" என்று என்னிடம் முறையிட்டார். தையல் விட்டு விட்டு விழுந்தது. சத்தத்தை வைத்தே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. "சாதா ஊசி போட்டுண்டு தைக்கறார். பனியன் துணிக்குன்னு மொட்டை ஊசி இருக்கு, டப்பால அடியில பாக்கச் சொல்லு" என்றாள். தபாலைச் சேர்த்தேன். ஊசி மாறியது.

நான் அடுக்களையில் சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். மெஷின் ஓடுவதும் நிற்பதும் கேட்டுக்கொண்டிருந்தது. துணி நகரவில்லை என்று அவர் பின்னாலிருந்து பிடித்து இழுத்திருக்கிறார். அக்கா என் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டாள். கையில் கொதிக்கிற பாத்திரம், என்னால் நகர முடியவில்லை. மெஷின் மறுபடி கடகடவென்று ஓடியது. அப்போது உள்ளறையிலிருந்து அவள் குரல் வந்தது.

"இழுக்காதேங்கோ! துணியை இழுத்தா தையல் அலை அலையா வரும். சும்மா புடிச்சுண்டா போறும், அது தானா போகும்."

மெஷின் நின்றுவிட்டது. நான் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். அத்திம்பேர் சக்கரத்தின் மேல் கையை வைத்தபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிறகு, "சரி" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மெஷின் மெதுவாக ஓட ஆரம்பித்தது. நான் அடுக்களைக்குத் திரும்பி, குழைந்துபோன சாதத்தின் முன்னால் நின்று அழுதேன்.

வெள்ளிக்கிழமை காலை கார்டிகன் தயார். காஜா எடுக்கத் தெரியாததால் முன்பக்கத்துக்குப் பட்டனே வைக்கவில்லை. அக்காவுக்குப் போட்டுவிட எடுத்துப் பிரித்தபோதுதான் பார்த்தேன். திறக்கிற கை வலது கையாக இருந்தது. அவர் வரைந்தது எதிரே நின்று பார்க்கிற தோற்றம். தாளில் இடது பக்கம் இருப்பது, போட்டுக்கொள்கிறவளுக்கு வலது பக்கம். கட்டிடமாக இருந்தால் அது சரி. பதினொரு வருஷமாக அவளை எதிரில் இருந்து மட்டுமே பார்த்தவர், அவள் பக்கத்தில் நின்று இது உன் எந்தக் கை என்று தொட்டுப் பார்க்காதவர், வேறு எப்படி வரைவார்? படத்தைப் பார்த்தும் எனக்குத் தோன்றவில்லையே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அவளும் பார்த்துவிட்டிருந்தாள். கார்டிகனை வாங்கி, கையை உள்ளே விட்டு, உள்பக்கம் வெளியே வரும்படி முழுசாகப் புரட்டினாள். போட்டுக்கொண்டாள். புரட்டியதில் வலது இடதாகிவிட்டது, பிரஸ் பட்டன் வரிசை சரியாக இடது கையில் வந்து உட்கார்ந்தது. தோள் இறங்கி, உடம்பு தொளதொளவென்று இருந்தது. தையல் ஓரங்கள் பிசிறோடு வெளியே நின்றன. அப்படியே கூடத்துக்கு வந்தாள்.

"உன் அக்கா ஏன் பொரட்டிப் போட்டுண்டிருக்கா?" என்று என்னைக் கேட்டார் அத்திம்பேர்.

அக்கா அவரைப் பார்த்துச் சொன்னாள்: "தையல் உள்ள இருந்தா தோல்ல உறுத்தறது. இப்படியே நன்னா இருக்கு." பிறகு செருப்பைத் தேடினாள். அவர் குனிந்து எடுத்து அவள் காலடியில் வைத்தார். அன்றைக்கு ஆட்டோவில் மூன்று பேருமாகப் போனோம். டயாலிசிஸ் பையன் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, சட்டையப் பொரட்டிப் போட்டுக்கினு வந்துட்ட?" என்றான். "இப்போ இதான்டா ஃபேஷன்" என்றாள் அக்கா. கை வெளியே கிடக்க, உடம்பு மூடியிருக்க, நாலு மணி நேரம் தூங்கினாள்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தாள். ஒரு நாள்கூட டயாலிசிஸை விடவில்லை. இரண்டு பேரும் திடீரென்று கொஞ்சிப் பேசிக்கொண்டார்கள் என்று சொன்னால் பொய். "மாத்திரை போட்டுண்டாச்சா?", "ஃபேனைக் கொறைங்கோ", அவ்வளவுதான். எனக்குத் தபால் வேலை போயிற்று. ஒரு மாதம் கழித்து, கார்டிகனின் பிசிறு ஓரங்களை மூடி, பழைய வேட்டிக் கரையை நீளமாக வெட்டி வைத்து யாரோ கையால் தைத்திருப்பதைப் பார்த்தேன். அக்காதான் மறுபடி ஊசியைத் தொட்டிருக்கிறாள் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கேட்டால் நிறுத்திவிடுவாளோ என்று கேட்கவில்லை. தையல் ஏன் இத்தனை கோணல் என்று யோசித்தேன், கை நடுங்குகிறது போலும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

அக்கா போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன வாரம் அத்திம்பேருக்கு ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. வயது எழுபத்திரண்டு, எலும்பும் தோலுமாக இருக்கிறார். அங்கேயும் ஏசி குளிரும் என்று பீரோவிலிருந்து கார்டிகனை எடுத்தேன். அவருக்காவது ஒழுங்காக இருக்கட்டும் என்று நேராக்கி நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"பொரட்டிக் குடு. அவ போட்டுண்ட மாதிரி" என்றார்.

"அத்திம்பேர், அது வந்து..." என்று இழுத்தேன்.

"வலது கையில வெச்சுட்டேன். தெரியும்" என்றார். "அன்னிக்கு அவ கூடத்துக்கு வந்து நின்னப்பவே தெரிஞ்சுடுத்து. படத்தை எடுத்துப் பாத்தேன். பிசிறு எல்லாரும் பாக்கற மாதிரி வெளிய தொங்கித்து. அதான் கரையை வெச்சு மூடினேன்."

அப்படியென்றால், அவருக்குத் தெரியும் என்பது அக்காவுக்கும் தெரியும். தன் கார்டிகனில் ஒரு நாள் காலை கரை முளைத்திருந்தால், தைக்கத் தெரிந்தவளுக்கு அது யார் கை என்று தெரியாமலா இருக்கும்? மூன்று வருஷம் அவள் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள், நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

"அவகிட்ட சொல்லியிருக்கலாமே அத்திம்பேர்" என்றேன்.

"அவ சொல்லலை. நான் எப்படிச் சொல்றது?" என்றார்.

புரட்டிய கார்டிகனைப் போட்டுவிட்டேன். அக்காவின் பழைய உடம்புக்கு வெட்டியது, இப்போது அவருக்குச் சரியாக இருந்தது. பதினொரு வருஷம் மோர்க்குழம்பையும் மாத்திரையையும் என்னிடம் சொல்லி அனுப்பியவர்கள், இதை மட்டும் இரண்டு பேருமே என்னிடம் கொடுக்கவில்லை. ஸ்கேன் முடிந்து வந்ததும் அவர் கழற்றிக் கொடுத்தார். துவைத்து, நிழலில் உலர்த்தி, கரை வெளியே தெரிய மடித்து, மேல்தட்டில் வைத்தேன்.