ஜவஹர் வீடு இதுதானா?

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். அன்று அந்த ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்தவள் நான்.

என் பெயர் விஜயலக்ஷ்மி. 1972-இல் மேற்கு மாம்பலத்தில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் நர்ஸாக இருந்தேன். லண்டன் பேய்ப்படங்கள் என்றால் எனக்கு உயிர். நம் ஊர் சினிமாப் பேய் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு பாட்டுப் பாடும். எனக்குச் சிரிப்புத்தான் வரும். லண்டன் பேய் அப்படி இல்லை. மூடுபனி, குதிரை வண்டி, இடிந்த கோட்டை, குங்குமத்தைக் கரைத்து ஊற்றிய மாதிரி ரத்தம். அதோடு மரியாதை தெரிந்த பேய். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்டும். வீட்டு ஆள் யாராவது ‘வாங்க’ என்று சொன்னால்தான் படி தாண்டும். எவ்வளவு பசியாக இருந்தாலும் வாசலிலேயே நிற்கும். அந்த நாகரிகம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்த வருஷம் சித்திரையில் தி.நகர் தியேட்டர் ஒன்றில் அப்படி ஒரு படம் வந்தது. தியேட்டர் பெயர் வேண்டாம். மானேஜர் சுயம்புலிங்கம் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பயங்கர வியாபாரி. ‘பலவீனமான இதயம் உள்ளவர்கள் வரவேண்டாம்! நர்ஸும் ஸ்ட்ரெச்சரும் தயார்!’ என்று வாசலில் பெரிய போர்டு வைத்தார். அந்த நர்ஸ் நான்தான். மாலைக் காட்சிக்கு மட்டும் யூனிஃபார்மோடு நிற்க வேண்டும். தினமும் படம் ஓசி. வேண்டாம் என்பேனா?

மயங்கி விழுவதற்கும் ஆள் ஏற்பாடு செய்திருந்தார். சைதாப்பேட்டை ஆற்றங்கரைக் குடிசையில் இருந்தவன், பேர் மண்ணாங்கட்டி. படத்தில் சவப்பெட்டி மூடி மெல்லத் திறந்து, வெளுத்த கை ஒன்று வெளியே வரும். அந்த நேரம் பதிமூன்றாம் நம்பர் சீட்டிலிருந்து ஓர் அலறல் கேட்கும். தொப்பென்று விழுவான். நானும் டார்ச் அடிக்கிற மெஹபூப் அலியும் ஓடிப்போய்த் தூக்கி வருவோம். டிக்கெட் கூட்டத்துக்கு முன்னால் கிடத்தி நாடி பார்ப்பேன். நாடி கடிகாரம் மாதிரி அடிக்கும். மண்ணாங்கட்டி ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறப்பான்.

“இன்னா சிஸ்டர், ஆக்ட்டு எப்பிடி?”

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் அவன் பேர் மானேஜருக்குப் பிடிக்கவில்லை. “மண்ணாங்கட்டின்னு கூப்பிட்டா ஜனங்க சிரிச்சிருவாங்க. எலேய், இன்னையிலேர்ந்து நீ ஜவஹர். படிச்சவன் பேரு” என்றார். அதனால் தினமும் நான் குனிந்து “மிஸ்டர் ஜவஹர்! மிஸ்டர் ஜவஹர்!” என்று உரக்கக் கூப்பிட வேண்டும். முதல் இரண்டு நாள் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆற்றங்கரை முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டான்.

நாலாம் நாள் முகம் செத்துப்போய் வந்தான்.

“இந்தப் பேரு வாணாம் சிஸ்டர். நீங்க மானேஜராண்ட சொல்லுங்க.”

“ஏன், நல்ல பேர்தானே?”

“எனக்கு முன்னாடி அஞ்சு புள்ளைங்க. ஒண்ணும் தங்கல. எமன் பேர் விசாரிச்சிக்கினு வந்தா, ‘சீ, மண்ணாங்கட்டியா’ன்னு திரும்பிப் போயிடுவானாம். அதுக்கோசரம் எங்கம்மா வச்ச பேரு. இப்ப... ரெண்டு நாளா சீட்டுக்குப் பின்னாடி யாரோ கூப்புடுறாங்க. ஜவஹர்... ஜவஹர்னு. திரும்பிப் பாத்தா ஆள் இல்ல. என் பொண்டாட்டிக்கு நெறமாசம் சிஸ்டர். நான் இருக்கணும்.”

மானேஜரிடம் போய்ச் சொன்னேன். வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தார்.

“நெசமாவே பயப்படுதானா? நல்லதாப் போச்சு. இன்னும் நல்லாக் கத்துவான்.”

நாலு அறை விட வேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. மாலை 6.10-க்குப் போனேன். வாசலில் மானேஜர் வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

“இன்னைக்கு மயக்கம் கிடையாது. அவன் வரல. நீ சும்மா நின்னாப் போதும்மா.”

‘பரவாயில்லை, ஆள் பிழைத்தான்’ என்று நினைத்தேன். மெஹபூப் அலி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. போஸ்டர் ரூம் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. தெரியாமல் மிதித்துவிட்டேன். சில்லென்று இருந்தது.

6.30-க்குப் படம் ஆரம்பித்தது. நான் வழக்கம்போலக் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன். பதிமூன்றாம் நம்பர் சீட் காலி. என் கண்ணால் பார்த்தேன்.

7.12. சவப்பெட்டி மூடி அசைந்தது.

க்ரீச்...

வெளுத்த கை வெளியே வந்தது.

அலறல்!

பதிமூன்றாம் நம்பரிலிருந்து. தினமும் கேட்ட குரல்தான். ஆனால் இது நடிப்பு இல்லை.

மெஹபூப் அலியின் கையிலிருந்து டார்ச் விழுந்து உருண்டது. “நான் வரல சிஸ்டர். அல்லா மேல சத்தியமா வரல.” ஓடியே போய்விட்டார்.

நான் போனேன். இரண்டு காலேஜ் பையன்கள் உதவிக்கு வந்தார்கள். வரிசைக்கு நடுவில் மண்ணாங்கட்டி கிடந்தான். தூக்கினோம்.

“என்னங்க, இவ்ளோ ஜில்லுனு இருக்காரு?” என்றான் ஒரு பையன்.

வெளியே கொண்டுவந்து கிடத்தினோம். இரண்டாம் ஆட்டத்துக்கு அதற்குள் கூட்டம் நின்றது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

சட்டை முழுக்க ஈரம். தலைமுடியில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி இல்லை.

இன்னொரு கை. இல்லை.

கழுத்து. இல்லை...

ஒரு கண் மட்டும் திறந்தது.

என் வாய் பழக்கதோஷத்தில் முணுமுணுத்தது. “மிஸ்டர் ஜவஹர்...”

“அந்தப் பேரு வாணாம் சிஸ்டர்.”

உதடு அசையவில்லை.

“அந்தப் பேரைச் சொல்லித்தான் இட்டுக்கினு போனான்.”

கரண்ட் போனது.

வந்தது.

ஸ்ட்ரெச்சரில் யாரும் இல்லை. துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. என் விரலில் மரத்தூள்.

கூட்டம் கை தட்டியது.

மறுநாள் மெஹபூப் அலி வீடு தேடி வந்து அழுதுகொண்டே சொன்னார். சனிக்கிழமைக் கூட்டத்துக்காக மேட்னிக்கும் வரச் சொல்லியிருந்தார்களாம்; மண்ணாங்கட்டி அதிலேயே செத்துவிட்டான். அதே காட்சி, அதே சீட். விஷயம் தெரிந்தால் அடுத்த இரண்டு ஆட்டமும் போய்விடும் என்று மானேஜர் உடலைப் போஸ்டர் ரூமில் பூட்டிவிட்டார். கெட்டுப்போகாமல் இருக்க, மரத்தூளோடு கேன்டீன் ஐஸ் பாளங்களை அடுக்கியிருக்கிறார்கள். இரண்டாம் ஆட்டம் விட்ட பிறகு கைவண்டியில் கொண்டுபோய்க் குடிசை வாசலில் போட்டுவிட்டு வந்தார்கள்.

திங்கட்கிழமை வாசலில் புதுப் போர்டு. ‘உண்மையாகவே ஒருவர் உயிரிழந்தார்!’ படம் இன்னும் மூன்று வாரம் ஹவுஸ்ஃபுல். சுயம்புலிங்கத்துக்கு ஒரு ஜலதோஷம்கூட வரவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அவன் குடிசையைத் தேடிப் போனேன். அவன் மனைவி வேலம்மா பிள்ளை பெற்றிருந்தாள். ஆண் குழந்தை, புடவைத் தொட்டிலில் தூங்கியது.

“அன்னிக்கு மத்தியானம் யாரோ வந்து அவரைக் கேட்டாங்க சிஸ்டர்” என்றாள். “நெட்டையா, வெளுப்பா. அந்த வெயில்ல கறுப்புக் கோட்டு. ஜவஹர் வீடு இதுதானான்னாரு. சினிமாக்காரர் போலன்னு நெனச்சேன். ஆமா, தியேட்டர்ல கீறாரு, பதிமூணாம் நம்பர் சீட்டு, போய்ப் பாருங்கன்னேன்.”

தொட்டில் பக்கம் திரும்பினேன்.

“குழந்தைக்கு என்ன பேர் வச்சே?”

“அவரு ஆசையா சொல்லிக்கினு திரிஞ்ச பேருதான். ஜவஹர்.”

“மாத்திடு வேலம்மா. இப்பவே மாத்திடு.”

“ஏன் சிஸ்டர்? அந்தக் கோட்டுக்காரர்கூட நல்ல பேருன்னாரே. நேத்து வந்தாரு. ஜவஹர் வீடு இதுதானான்னாரு. இப்பத்தான் தூங்குதுன்னேன்.”

“அப்புறம்?”

“பெரிய மனுசன், வாசல்லயே நின்னுக்கினு இருந்தாரு. எப்பிடித் தொரத்துறது? நாளைக்கு சாயங்காலமா வாங்கன்னேன்.”

தொட்டிலுக்கு ஓடினேன். குழந்தையின் கையைப் பிடித்தேன். நாடி இருந்தது.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

அந்தக் குடிசைக்குக் கதவே கிடையாது. வாசலில் ஒரு சாக்குத் துணிதான் தொங்கியது.

ஆனாலும் யாரோ கதவைத் தட்டினார்கள்.