ஆத்தா கேட்ட அம்மைப்பால்

முதலில் வந்தது இடுப்புவலி. நாற்று நட்டுக் குனிந்து நிமிர்ந்த வலி என்றுதான் நினைத்தேன். பொழுது சாய்வதற்குள் காய்ச்சல் ஆளைத் தூக்கிப் போட்டது. தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது. பிறகு காய்ச்சல் தணிந்தது. அப்பாடா, பிழைத்தேன் என்று எழுந்து அடுப்பங்கரைக்குப் போனேன். என் மாமியார் என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா வந்துட்டாடி," என்றார்.

வந்தது வைசூரி (பெரியம்மை; உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பும் தொற்றுநோய்). இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் யாராவது வேப்பிலைப் படுக்கையில் கிடக்கலாம். பக்கத்தில் ஒரு குழந்தையும் இருக்கலாம். அதனால்தான் கூச்சத்தை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கம். சமஸ்தானத்திலிருந்து வருஷா வருஷம் அம்மை குத்துகிறவர் ஒருவர் வருவார். அம்மைப்பால் (கன்றுக்குட்டியின் அம்மைக் கொப்புளத்திலிருந்து எடுக்கும் மருந்து) கையில் வைத்துக் கீறிவிடுவார். அவர் தலை ஊர் எல்லையில் தெரிந்தால் போதும், ஊரே காலி. பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பெண்கள் சோளக்கொல்லைக்குள் ஓடுவார்கள். நான் சிறுமியாக இருந்தபோது என் அம்மா என்னை நெற்குதிருக்குள் இறக்கி மூடியே போட்டுவிட்டாள். உள்ளே மூச்சு முட்டி நான் போட்ட கூச்சல் அவர் காதில் விழுந்திருக்கும். விழாதவர்போலப் போய்விட்டார். பாவம், அவர்தான் என்ன செய்வார்? முந்தைய ஊரில் அவருக்குக் கல்லடி.

குதிருக்குள் தப்பித்த அந்தக் கைதான் இப்போது கொப்புளமாய்ப் பூத்துக் கிடந்தது.

என்னைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அதைவிடப் பெரிய பயம் மடியில் இருந்தது. என் மகள் ராசம் அப்போது குப்புற விழக்கூடத் தொடங்கவில்லை. காலைவரை என் பால் குடித்த குழந்தை. கொஞ்ச நாள் முன்னால் என் வீட்டுக்காரர் சந்தையில் கேட்டதை வந்து சொல்லியிருந்தார். அம்மை வந்த வீட்டுப் பிள்ளைக்கு உடனே அம்மைப்பால் குத்திவிட்டால் பெரும்பாலும் தப்பிவிடும், நாள் கடத்தினால் பிரயோசனமில்லை என்று அம்மை குத்துகிறவர் அங்கே தொண்டை கிழியக் கத்தினாராம். அன்று நாங்கள் சிரித்தோம். இன்று எனக்கு அந்தப் பேச்சைத் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை.

ராசத்துக்குப் பால் குத்த ஆளைக் கூப்பிடலாமா என்று மாமியாரிடம் கேட்டேன்.

"ஒனக்குப் புத்தி கித்தி பெரண்டுருச்சா? ஆத்தா வீட்டுக்குள்ள இருக்கறப்ப கத்திக்காரன இங்கிட்டு விடச் சொல்றியா? தாயும் இல்லாம பிள்ளையும் இல்லாமப் போயிரும்டி!"

அவரைக் கல்நெஞ்சுக்காரி என்று எண்ணிவிடாதீர்கள். இதே வைசூரியில் இரண்டு ஆண்பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் அவர். பயம் அவருக்குப் பழகிய பயம். என் வீட்டுக்காரரோ தூணோடு தூணாக நின்றார். அம்மா பேச்சை மீறிப் பழக்கமில்லாத மனிதர்.

நான் ஓய்ந்துதான் படுத்தேன். வாசலில் வேப்பிலை கட்டினார்கள். வீட்டில் தாளிப்பு நின்றது. தெருப் பெண்கள் வாசலுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். குடத்தை இறக்கி வைக்கக்கூட ஒரு கை கொடுக்காதவள் எல்லாம் "தாயே, காப்பாத்து" என்கிறாள்! காய்ச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் புத்தியில் உறைத்தது. எங்கள் பக்கம் அம்மை முத்துப் போட்டவளை மருமகளாகப் பார்க்கமாட்டார்கள். அவள் உடம்பில் இருப்பது ஆத்தா. அவள் வாயால் எது கேட்டாலும் இல்லை என்னக்கூடாது. நுங்கு கேட்டால் நுங்கு, பானகம் கேட்டால் பானகம்.

சாயங்காலம் மாரியம்மன் கோயில் பூசாரி திருநீறோடு வந்தார். வயசாளி. என் காலடியில் உட்கார்ந்து வழக்கப்படி கேட்டார்.

"தாயி, ஒனக்கு என்ன வேணும்? வாய் தொறந்து கேளு. செஞ்சுபுடுறோம்."

"பிள்ள கையில பால் குத்தணும்."

அவருக்குக் காது சரியில்லையோ என்று மறுபடி சொன்னேன். பூசாரி என் மாமியாரைப் பார்த்தார். மாமியார் என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அதற்குமேல் பொறுக்க எனக்குத் தெம்பில்லை.

"கேக்கச் சொல்லிட்டு என்ன முழிக்கிறீங்க? எம் பிள்ளைக்கு மட்டுமில்ல, தெருப் பிள்ளைக அம்புட்டுக்கும் குத்தணும். நாளைக்கே ஆள் வரணும்!"

"சாமி கேட்டுருச்சு," என்றார் என் மாமியார். "டேய், நிக்காதடா. வண்டியப் பூட்டு."

என் வீட்டுக்காரர் அவ்வளவு வேகமாக ஓடி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அம்மை குத்துகிறவர் வந்தார். தன்னைக் கண்டு ஓடாமல் வரிசையில் நிற்கிற ஊரை அவர் பார்த்ததே இல்லை போலும். "எதுக்குய்யா நிக்கிறீங்க, அடிக்கவா?" என்று அவர் கேட்டது உள்ளே எனக்குக் கேட்டது. முதலில் ராசம். வீரிட்டு அழுதாள். பிறகு ஒவ்வொரு பிள்ளையாக அழுகைச் சத்தம் தெருவில் நகர்ந்தது.

எப்போதாவது ஒரு பிள்ளை அவர் கையில் அகப்பட்டாலும், கீறின இடத்தைச் சாம்பலால் துடைத்துவிடுவது தாய்மார் வழக்கம். துடைத்தால் மருந்து போச்சு. அதைச் சொல்லிச் சொல்லி அவர் குரல் தேய்ந்தது. நான் படுக்கையிலிருந்தே கத்தினேன்: "எவளாச்சும் தொடச்சீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்!" ஒருத்தியும் துடைக்கவில்லை.

"பிள்ளயத் தாய்கிட்ட விடாதீங்க. பசும்பால் காச்சிக் குடுங்க," என்று சொல்லிவிட்டு அவர் போனார். மாமியார் குழந்தையோடு மாட்டுக்கொட்டகையில் குடியேறினார்.

அதன்பின் பட்டதை எழுத எனக்கே பிடிக்கவில்லை. கொப்புளங்களில் சீழ் கோத்தது. இமைகள் ஒட்டிக்கொண்டன. பால் கட்டி மார்பு விண்ணென்று தெறித்தது. கொட்டகையில் குழந்தை அழும்போதெல்லாம் பால் தானாகக் கசிந்து வேப்பிலையை நனைத்தது. அழுகை கேட்டால் உயிரோடு இருக்கிறாள். கேட்காவிட்டால் நான் செத்துப் பிழைப்பேன்.

ஒருநாள் மாமியார் முற்றத்து வெயிலில் நின்று குழந்தையின் கையைத் தூக்கிக் காட்டினார். கீறிய இடத்தில் ஒரே ஒரு கொப்புளம். "பால் பிடிச்சிருச்சுடி. ஒடம்புல வேற ஒண்ணுமில்ல, பாரு, பாரு!" எனக்குப் பாதிதான் தெரிந்தது. இடக்கண்ணில் அதற்குள் பூ விழுந்திருந்தது (கருவிழியில் படியும் வெண்தழும்பு). அந்தப் பாதி போதும். ஓவென்று அழுதேன்.

பொருக்குகள் எல்லாம் உதிர்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அத்தோடு ஆத்தா மலையேறிவிட்டாள். மறுநாள் விடியும்போதே, "இன்னும் என்ன படுக்க? வாசத் தெளி," என்றார் மாமியார். எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் தெருவில் அந்த வருஷம் ஒரு பிள்ளைகூட அம்மையில் போகவில்லை.

அடுத்த வருஷம் அம்மை குத்துகிறவர் வந்தபோது தெருவே தயங்கி நின்றது. ஆத்தா யார் வீட்டிலும் வந்திருக்கவில்லை. யார் கேட்பது? ராசத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, புதுசாகப் பிள்ளை பிறந்த வீடு, போன வருஷம் பால் பிடிக்காத வீடு என்று வீடு வீடாக ஏறினேன். குழி விழுந்த என் முகத்தையும், வழவழவென்ற அவள் முகத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "போன வருசம் கேட்டதும் நான்தான். இப்பக் கேக்கறதும் நான்தான். பிள்ளையக் கொண்டாங்க," என்றேன். வைதார்கள். ஆனாலும் கொண்டுவந்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் மாமியார் பார்வைக்குப் பயந்தேன். அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தே, அன்னைக்குக் கேட்டது..."

"ஓங் கொரலு எனக்குத் தெரியாதா?" முறத்தை அவர் நிறுத்தவில்லை. "வாசல்ல அத்தன பேரு நின்னாக. நான் சரிங்கிறதுக்கும் ஒரு வழி வேணும்ல. எம் பிள்ளைக ரெண்டும் கெடந்தப்ப, இப்புடிக் கேக்க எனக்கு வாய் வரலையேடி."

பிறகு முறத்தை வைத்துவிட்டு எழுந்தார். நேரே தெருவுக்குப் போய், வரிசையில் பிள்ளைகளுக்குப் பின்னால், கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

இப்போது ஆள் இடப்பக்கம் வந்தால் நான் தலையைத் திருப்பவேண்டும். கண்ணாடி பார்க்கும் பழக்கம் விட்டுப்போயிற்று. போன முகத்துக்காக அழுததே இல்லை என்றும் சொல்லமாட்டேன். நடவு, அறுப்பு என்று வருஷத்தை எண்ணி வந்தவள், இப்போது அம்மை குத்துகிறவர் வரும் நாளை வைத்து எண்ணுகிறேன். தலை வாரிவிடும்போது ராசம் என் கன்னத்துக் குழிகளில் விரலை வைத்துப் பார்ப்பாள். நான் அவள் கைத்தழும்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.