நெல்லின் மேல் இன்னாசியின் கைகள்

இன்னாசி போன வாரம் இறந்துவிட்டான். வெகு நாளாக டயாலிசிஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தான். அன்று காலை கிளம்பச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை. நான் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தபோது அவன் மனைவி ரீட்டா போன் செய்தாள்.

"அக்கா, அவரு போயிட்டாரு." கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "தெருவுல பேனரு அடிக்கலாமான்னு கேக்குறாங்க. இன்னா சொல்றது?" என்றாள்.

"அடிக்கட்டும். கழட்டும்போது மடிக்காம சுருட்டச் சொல்லு."

"ஆமாங்க்கா, மடிச்சா வெள்ளக் கோடு வுழுந்துரும்" என்றாள், அழுகைக்கு நடுவிலேயே. அந்த வீட்டில் துக்கத்திலும் இந்தப் பேச்சுதான் வரும். அவனை அறிந்த உங்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

நான் வில்லியனூரில் பழைய பொருள் கடை வைத்திருப்பவள். காலி பாட்டிலைக் கூடையில் சுமந்து விற்று ஆரம்பித்தேன். இன்று கடையும் குடோனும் லோடு ஆட்டோவும் சொந்தம். கலையைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் இன்னாசி எதை வைத்து என்ன செய்தானோ, அதில் பெரும்பகுதி என் கடையிலிருந்து போனது. அவன் எனக்குத் தம்பி வயது. அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.

முதல் முறை அவன் கடைக்கு வந்தது பழைய எக்ஸ்ரே பிலிம் கேட்டு. அதில் வெள்ளி இருக்கும், அதை வாங்க வேறு ஆள் உண்டு, சில்லறையாகக் கொடுக்க மாட்டேன் என்றேன். "வெள்ளிய நீங்களே எடுத்துக்குங்க, எனக்கு எலும்பு போதும்" என்றான். கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன், இருந்தாலும் கொஞ்சம் கொடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு பாகூரில் அவன் வீட்டு வாசலில் ஒரு நட்சத்திரம் தொங்கியது. ஐந்து முனையும் எக்ஸ்ரே பிலிம். உள்ளே விளக்கு எரிய, யார் யாருடைய விலா எலும்போ முழங்காலோ நீல நிறத்தில் தெரிந்தது. எதிர் வீட்டுப் பெரியவர், "நல்ல நாளும் அதுவுமா வாசல்ல எலும்பத் தொங்கவுட்டுக்னு, இன்னாடா இது?" என்று திட்டினார். "அதுல ஒண்ணு உன் முட்டிதான் பெரிப்பா. எதுன்னு நீயே கண்டுபுடி" என்றான். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் தேடினார். பிறகு தெருவே வந்து தேடியது.

அப்போது அவன் ஒரு பிளக்ஸ் அச்சடிக்கும் கடையில் டிசைனராக இருந்தான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவன் கையில்தான். ஒருமுறை யாரோ முகத்தை மட்டும் போட்டோ எடுத்துக் கொடுத்துவிட்டு, கும்பிடுகிற மாதிரி வேண்டும் என்றார்களாம். அவன் தன் கையையே கும்பிட வைத்துப் படம் எடுத்து, அந்த முகத்துக்குக் கீழே ஒட்டிவிட்டான். அந்தக் கை கம்ப்யூட்டரில் தங்கிவிட்டது. அதன் பிறகு வாக்கு கேட்டவருக்கும் அதே கை, வரவேற்ற தாய்மாமனுக்கும் அதே கை. அவசரத்தில் ஒரு அம்மாளுக்கும் அதையே ஒட்டி, வளையல் மட்டும் வரைந்தான்.

கிழிந்த பேனர்கள் கடைசியில் என் கடைக்கு வரும். மாட்டுக் கொட்டகைக்கும் நெல் மூடவும் வாங்கிப் போவார்கள். பேனர் குவியலில் உட்கார்ந்து இன்னாசி அந்தக் கைகளை மட்டும் வெட்டி எடுப்பான். "பேனருக்கு வேலை மூணு நாளுதான்க்கா. ஆனா அது சாவாது" என்பான். கோணி தைக்கிற ஊசியால் அவற்றை ஒன்றன் மேல் ஒன்று ஏற்றித் தைத்து, தையல் ஓட்டைகளைப் பசையால் அடைத்தான். சின்னக் கை, ஆள் உயரக் கை, வெயிலில் வெளுத்த கை, மோதிரம் வரைந்த கை. எல்லாம் அவனுடைய கை. விரித்தால் என் குடோன் தரை கொள்ளாத அளவுக்கு வளர்ந்தது. சுருட்டி அங்கேயே வைத்திருந்தான்.

அதற்காக வேலையை விட்டுவிட்டான். ரீட்டா என் முன்னால்தான் சொன்னாள்: "ஒரு வருசம் பாக்குறேன். அதுக்குள்ள யாராச்சும் வந்து இத எடுத்துக்னு போயி ஊருக்குக் காட்டணும். இல்லன்னா நீ பேனரு கடைக்குப் போயி குந்து. இதப்பத்தி அப்புறம் பேசக் கூடாது." அவன் ஒத்துக்கொண்டான். அந்த வருடம் முடிகிற சமயத்தில்தான், சென்னையில் பெரிய கண்காட்சி நடத்துகிறவர்கள் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். பார்த்துப் பிடித்தால் எடுத்துப்போவார்கள்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் நான் கடலூருக்குப் போயிருந்தேன். தை மாதத்தில் யாரும் எதிர்பாராத மழை. அறுத்துக் கொட்டிய நெல்லை மூட, விவசாயிகள் என் கடை வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். கடையைப் பார்த்துக்கொள்ளும் செல்வி, சுருட்டி வைத்திருந்த பிளக்ஸை எல்லாம் எடுத்து விற்றாள். அதில் இன்னாசியுடையதும் போய்விட்டது.

திரும்பி வந்து, "பிரிச்சிப் பாக்கலியாடி?" என்றேன்.

"வாசல்ல கூட்டம், மழை கொட்டுது, ஒண்ணொண்ணா பிரிச்சிப் பாத்துக்னு இருக்கச் சொல்றியா? வெளிய வெள்ளையா இருந்துச்சி. இதான் பெரிசுன்னு அவரே தூக்கிக்னாரு, அபிஷேகப்பாக்கத்துக்காரரு."

இன்னாசி ஓடி வந்தான். செல்வி அவனையும் விடவில்லை. "நீயாச்சும் மேல எழுதி ஒட்டியிருக்கலாமில்ல?"

"எழுதியிருந்தா பேனருன்னுதான்க்கா எழுதியிருப்பேன்" என்றான். சிரிக்கத்தான் முயன்றான். முகம் செத்துப் போயிருந்தது.

ஒரு புதுத் தார்ப்பாயை ஆட்டோவில் போட்டுக்கொண்டு இருவரும் போனோம். வாங்கினவர் பெயர் ராமலிங்கம். சாலையோரக் களத்தில் அவருடைய நெல் குவியலாகக் கிடந்தது. அச்சடித்த பக்கம் வழவழப்பாக இருக்கும், தண்ணீர் நிற்காது என்று அதை மேலே வைத்துப் போர்த்தியிருந்தார். அத்தனை கைகளும் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு கிடந்தன. மழை அவற்றின் மேல் விழுந்து, விரல் விரலாக வழிந்தது.

"வித்துட்டுத் திருப்பிக் கேக்க வந்தியா? உன் கடை வழக்கமே இதானா?" என்றார் ராமலிங்கம். வியாபாரிக்கு அதைவிடச் சூடான பேச்சு கிடையாது. புதுத் தார்ப்பாயைக் காட்டி, இதை வைத்துக்கொண்டு அதைக் கொடுங்கள் என்றேன். "இத அவுத்து அதப் போத்துற நேரத்துல என் நெல்லு நனையுமே? நனைஞ்ச நெல்ல நீ வாங்கிக்கிறியா?" என்றார். ஒரு வருட உழைப்பு அவருக்கும் அந்தக் குவியலில்தான் இருந்தது.

அவரை எப்படி மடக்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது இன்னாசி குவியலைச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. என் பக்கத்தில் வந்து, "எடுக்க வேணாங்க்கா" என்றான். "சுவத்துல மாட்டணும்னு நெனச்சிக்னு இருந்தேன். மாட்டுனா மறுபடியும் பேனருதான். இது இப்டித்தான் கெடக்கணும்."

"நாளைக்கு ஆளுங்க வர்றாங்கடா."

"இங்க வரட்டும்."

ராமலிங்கம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மழை விடுகிறவரை யாரும் ஓரத்தைக்கூடத் தூக்கக் கூடாது.

மறுநாள் தூறலில் அவர்கள் சேற்றில் இறங்கி வந்தார்கள். அதில் ஒரு அம்மா குடையோடு குவியலைச் சுற்றி வந்தார். பிறகு குடையை மடக்கிவிட்டு நின்று பார்த்தார். பக்கத்தில் இருந்த ராமலிங்கத்திடம், "இதைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டார்.

"இன்னா தோணும்? மழைய நிறுத்துன்னு கும்புடுது. நானும் அதான் கும்புட்டுக்னு இருக்கேன்."

அந்த அம்மா அங்கேயே சரி என்று சொல்லிவிட்டார். கண்காட்சியில் அடியில் போட உமி மூட்டை போதுமே என்றார்கள். "உமிய யாரு போத்துவா?" என்று இன்னாசி நெல்தான் வேண்டும் என்று நின்றான். நெல்லே போட்டார்கள். அன்று சாயங்காலம் ரீட்டாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "ஒரு வருசம்னு சொன்னனில்ல, அத இனிமே கேக்கல" என்றாள். அவன் பிறகு பிளக்ஸ் கடைப் பக்கம் போகவில்லை.

மழை விட்டதும் ராமலிங்கம் அதைப் பம்புசெட்டில் அலசி, காயவைத்து, சுருட்டி என் கடைக்கு எடுத்துவந்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். அடுத்த அறுவடைக்கு மழை வந்தால் இது கிடைக்குமா, இதைப்போல ஒழுகாத ஒன்றை இதுவரை போர்த்தியதில்லை என்றார். வாடகை பேசு என்று இன்னாசிக்கு ஜாடை காட்டினேன். அவன் பார்க்கவே இல்லை, கிடைக்கும் என்றான். அவர் போனதும் திட்டினேன். "அவரு போத்தலன்னா எனக்கே இது இன்னான்னு தெரிஞ்சிருக்காதுக்கா" என்றான். பின்னாளில் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டபோதும், அறுவடை மழைக்கு இது அபிஷேகப்பாக்கம் போய்விடும், சம்மதமா என்றான். வந்தவர் காரில் ஏறிவிட்டார்.

சாவு வீட்டுக்கு ராமலிங்கம் வந்திருந்தார். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கேக்கக் கூடாத நேரம்தான். அந்தப் பேச்சு அவரோட போச்சா, இருக்குதாம்மா?" என்றார். ரீட்டாவிடம் அழைத்துப் போனேன். இனி அவளுக்கென்று இருக்கிற சொத்து அந்தச் சுருள் ஒன்றுதான். விற்றால் விலை போகும், அதையும் அவளிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னாள்: "அவரு உங்ககிட்டதான பேசுனாரு. இருக்குது."

இத்தனை வருட வியாபாரத்தில் லாபம் இல்லாமல் நான் காப்பாற்றுகிற பேச்சு இது ஒன்றுதான். இன்னாசி என்னிடம் விட்டுப்போனதும் இதுதான். சுருள் என் குடோனில் இருக்கிறது. யார் கண்காட்சிக்குக் கேட்டாலும் ரீட்டா சம்மதித்தால் தருவோம், அடியில் நெல் போட வேண்டும். அறுவடையில் மழை பிடித்தால் ராமலிங்கத்துக்கு, வெயில் வந்ததும் எங்களுக்கு. வாடகை கிடையாது. கிழிந்தால் தைத்துக் கொடுப்பது என் செலவு.