தரை கேட்டதை மட்டும் கொடுத்தவர்

நான் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். ஒரு பழைய லோரியை எட்டு லோரியாக்கி, கதவுக்குக் கதவு என் பெயரை எழுதிக் காட்டியவன். தெலுக் பங்லிமா காராங் ஊர்த் தொழிற்சாலைகளுக்குப் பத்து டன் இயந்திரங்களையே கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். பாரம் தள்ள எனக்கு எவன் சொல்லித் தருவது?

போன வருஷம் என் மனைவி அமுதவள்ளிக்குப் புற்றுநோய் இடுப்பெலும்பில் இறங்கிவிட்டது. அசையாமல் கிடந்தால் பொறுத்துக்கொள்வாள். சக்கரக் கட்டில் ஒரு குலுக்குக் குலுங்கினால் துடித்துப் போவாள். வார்டிலிருந்து ஸ்கேன் அறைக்கு நீண்ட தாழ்வாரம். அதில் அவளைத் தள்ளிப் போனவர்தான் கன்னையா. கேரி தீவுத் தோட்டத்தில் இருபது வருஷம் செம்பனைக் குலைகளைத் தள்ளுவண்டியில் தள்ளிவிட்டு மருத்துவமனை வேலைக்கு வந்தவர். ஊதினால் விழுந்துவிடும் உடம்பு.

கிளம்பும்போது மட்டும் மெல்ல முன்னால் சாய்ந்து தள்ளுவார். நகர்ந்ததும் கையைத் தளர்த்திவிடுவார். அப்புறம் கடைசி வரை ஒரே நடை.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன கன்னையா, ஆமையா நீ? நவுரு, நான் தள்றேன்."

"வேணாம்ணே. இது பலத்துல போறது இல்ல லா. தரை பிடிச்சு இழுக்குதுல்ல, அது கேக்கறத மட்டும் குடுக்கணும். கூடுனா ஓடும், கொறைஞ்சா நிக்கும். ரெண்டும் அக்காவுக்குத்தான் வலி."

"எட்டு லோரி வச்சிருக்கவன்யா நான், எனக்கேவா?"

பிடுங்கித் தள்ளினேன். கட்டில் ஓடியது. பயந்துபோய் இழுத்துப் பிடித்தேன். அமுதவள்ளி போட்ட அலறலில் தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது.

"விடுங்க! தம்பிகிட்ட குடுங்க!"

நாற்பத்து மூன்று வருஷத்தில் அவள் என்னை 'விடுங்க' என்றது அன்றுதான். கன்னையா வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டார். அவள் மூச்சு சீராகும் வரை காத்து நின்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும், "தம்பி வந்தாச்சா?" என்றுதான் கேட்பாள். நான் அவளுடைய மருத்துவக் கோப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பேன்.

கடைசி ஸ்கேனுக்குப் போகும் வழியில் அவள் கண் அயர்ந்தாள். எத்தனையோ இரவுகள் மாத்திரைக்கும் மூடாத கண். ஸ்கேன் வாசல் வந்தும் கன்னையா நிற்கவில்லை.

"எங்கய்யா போற?"

"நின்னா முழிச்சிருவாங்கண்ணே. நம்ம நம்பர் வர்ற வரைக்கும் இப்படியே சுத்தி வருவோம்."

தாழ்வாரம் கட்டடத்தைச் சுற்றிவரும். நடை மாறாமல் அவர் தள்ள, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நான் பின்னால் போனேன்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் அவள் போய்விட்டாள். நானறிய, அந்த நோயில் அவள் வலியில்லாமல் தூங்கியது அந்த இருபது நிமிஷம்தான்.