நயினார் கட்டிய குடைக்கம்பிப் பாலம்

அவலூர்பேட்டையில் செஞ்சி பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர் சொன்னார்: "சார், நம்ம மல்லாட்டை மண்டி நயினார் காலையில போயிட்டாரு." எந்த ஊருக்கு என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். அப்போதுதான் புரிந்தது.

தரணேந்திர நயினாரை நிலக்கடலை வியாபாரியாக அறிந்தவர்கள் நம்மில் பலர். ரயில்வே அதிகாரியாக அறிந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரனான நான் உட்படச் சிலரே. செஞ்சிக்கு ரயில் வேண்டும் என்று மனுப் போடாத பெரிய மனிதர் இங்கே இல்லை. நயினார் மனுப் போடவில்லை. சாவி கொடுத்தால் ஓடும் ரயில் ஒன்றை மதராஸிலிருந்து வாங்கிவந்து, தோட்டத்துக் கிணற்றைச் சுற்றித் தண்டவாளம் போட்டுவிட்டார். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டையே முடித்துவிடும் சமண வீடு அது. இரவு வண்டி கிடையாது.

தண்டவாளத்தின் குறுக்கே, மாதுளைச் செடியிலிருந்து கிணற்றடி வரை ஓர் எறும்புச் சாரை போய்க்கொண்டிருந்தது. அவர் மனைவி சுலோசனா அம்மாள் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "ஒரு எறும்பு நசுங்கிச்சுன்னா வண்டி பரணுக்குப் போயிடும். அப்புறம் இன்னா சொன்னாலும் எறங்காது."

கொஞ்சம் மருந்து தூவலாமே என்று நான் தொடங்கினேன்.

"வாத்தியாரே, அவங்க ரோடு பழசு, நம்ம ரயிலுதான் புதுசு. நாமதான் மேல ஏறிப் போவணும்" என்றார் நயினார்.

அப்படித்தான் பாலம் வந்தது. ஊரில் எங்கே குடை உடைந்தாலும் அவருக்குத் தகவல் வந்துவிடும். காற்றும் மழையும் நமக்குச் சேதம். அவருக்கு இரும்பு வரத்து. குடைக்கம்பிகளைக் கட்டுக்கம்பியால் முடிந்து, எண்ணெய் டின் தகட்டைப் பரப்பி, ஒரு முழ நீளத்துக்குப் பாலம் எழுப்பினார். எறும்பு கீழே, வண்டி மேலே. துருப் பிடிக்காமலிருக்கத் தாராளமாக எண்ணெயும் தடவினார். கடலை வியாபாரி, கைக்கு வந்தது கடலை எண்ணெய்.

சுலோசனா அம்மாள் முன்னிலையில் வண்டி புறப்பட்டது. பாலத்தை நெருங்கும்போதுதான் பார்த்தோம். கீழே ஓர் எறும்புகூட இல்லை. எண்ணெய் வாசனைக்கு அத்தனையும் மேலே ஏறித் தண்டவாளத்தில் மொய்த்துக்கொண்டிருந்தன. நயினார் பாய்ந்து எஞ்சினை இரு கைகளாலும் அமுக்கிப் பிடித்தார். உள்ளே சுருள்வில் 'டங்'கென்று அறுந்தது.

"இன்னா நயினார் இது! கீழே வழி விட்டும் மேலே ஏறினா, அது அதுங்க தப்புதானே?" என்றேன்.

"எறும்புக்கு டைம்டேபிள் தெரியாது வாத்தியாரே. நமக்குத் தெரியுமில்ல?"

 மறுநாள் எஞ்சினை முந்தானையில் சுற்றிக்கொண்டு, கடிகாரம் ரிப்பேர் செய்பவரிடம் சுலோசனா அம்மாளே போனார். நயினார் பாலத்துக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு பதில்தான். பாடம் புரியாமல் விழிக்கும் பையனைக் கண்டால் இன்றும் என் கை பிரம்பைத் தேடிப் போகிறது. அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்பது பாதி வழியில் நினைவுக்கு வருகிறது. கை திரும்பிவந்து சாக்பீஸை எடுத்துக்கொள்கிறது.