இரண்டு கார்ட்டூனும் ஒரு சம்பந்தமும்

போன மாதம் என் மகள் சுபாவைப் பெண் பார்க்க மயிலாடுதுறையிலிருந்து வந்தார்கள். எட்டாவது வரன். பையன் பிரசன்னாவுக்குச் சிங்கப்பூரில் வேலை; லீவில் வந்திருந்தார். ஜாதகம் பொருந்தியிருந்தது, கேசரியும் நன்றாக வந்திருந்தது... வேறென்ன வேண்டும்?

வழக்கம்போல யாரோ, "ரெண்டு பேரும் தனியா ஒரு பத்து நிமிஷம் பேசிட்டு வரட்டுமே" என்றார்கள். எங்கள் மன்னார்குடியில் அந்தப் பத்து நிமிடம் நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். இருவரும் மொட்டைமாடிக்குப் போனார்கள்.

ஐம்பது நிமிடம் ஆயிற்று. நடுவில் சத்தம் வேறு. "அந்த முடிவு அநியாயங்க" — இது அவர். "உங்களுக்குப் புரியலைங்க" — இது என் பெண். கீழே ஹாலில் பையனின் அம்மா என்னைப் பார்க்க, நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

இறங்கி வந்த இருவர் முகமும் சிவந்திருந்தது. கிளம்பும்போது அந்த அம்மா, "ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோங்க" என்றார். இதற்கு என்ன அர்த்தம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். என் கணவர் போய் மிச்சக் கேசரியை ஃப்ரிட்ஜில் வைத்தார்.

"அப்படி எதுக்குடி சண்டை?"

"அனிமேம்மா."

ஜப்பான்காரர்கள் படக்கதைப் புத்தகத்தை மங்கா என்கிறார்கள். அதையே கார்ட்டூன் தொடராக எடுத்தால் அனிமே. இவர்கள் சண்டை போட்ட மங்காவை இரண்டு கம்பெனிகள் தனித்தனியாக எடுத்திருக்கின்றன. கடலோரக் கிராமத்துப் பையன் ஒருவன் வாள் வீசக் கற்றுக்கொள்ளத் தலைநகரம் போகிற கதை. முதல் கம்பெனி எடுத்தபோது புத்தகமே முடியவில்லையாம். பொறுமையில்லாமல் தாங்களாகவே ஒரு முடிவு வைத்துவிட்டார்கள் — பையன் நகரத்திலேயே தங்கிவிடுகிறான். புத்தகம் முடிந்த பிறகு இரண்டாவது கம்பெனி அதில் உள்ளபடியே எடுத்தது — பையன் ஊர் திரும்புகிறான். சுபா முதல் கட்சி. பிரசன்னா இரண்டாவது கட்சி.

இதற்காகவா ஒரு நல்ல வரன் கைவிட்டுப் போக வேண்டும்? சரி, நாமே பார்த்துவிடுவோம், நம் பக்கம் தப்பென்றால் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இறங்கிப் போனால் குறைந்தா போய்விடுவோம்?

ஒன்பது நாளில் இரண்டையும் பார்த்து முடித்தேன். முதலில் அந்த மூக்கில்லாத முகங்களே பிடிபடவில்லை. யார் அண்ணன், யார் வில்லன் என்று கணவரிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். முதல் தொடரில் சண்டை குறைவு, மழையும் பெருமூச்சும் அதிகம். இரண்டாவதில் நல்ல ஓட்டம். கடைசியில் பையன் படகிலிருந்து இறங்க, அவன் அம்மா மீன் கூடையை அப்படியே கீழே போடுகிறாளே... அழுதுவிட்டேன். "கார்ட்டூனுக்கு அழறவளை இப்பதான் பார்க்கறேன்" என்றார் கணவர், மூக்கை உறிஞ்சியபடி.

உடனே மயிலாடுதுறைக்குப் போன் போட்டேன். பையனின் அம்மா எடுத்தார். "உங்க பையன் சொன்னதுதாங்க சரி. ரெண்டாவதுதான் நல்லாருக்கு."

"அட, நானே உங்களைக் கூப்பிடலாம்னு இருந்தேங்க. நாங்களும் ரெண்டையும் பார்த்துட்டோம். உங்க பொண்ணு சொன்னதுதான் சரி. முதல்ல எடுத்ததுதாங்க கதை" என்றார்.

"அதெப்படிங்க? புத்தகத்துல பையன் திரும்பி வர்றானே."

"புத்தகத்துல வருவான். போன புள்ள எங்கங்க திரும்பி வருது? எம் புள்ளயும் ஆறு வருஷமா, அடுத்த தீபாவளிக்கு ஒரேயடியா வந்துடறேங்கறான். முதல் படத்துல அந்த அம்மா கடுதாசியைப் படிச்சு மடிச்சு வச்சிட்டு, உலை வைக்கப் போறா பாருங்க... அதுதாங்க நிஜம்."

எனக்குச் சுருக்கென்றது. இந்தச் சம்பந்தம் அமைந்தால் என் பெண்ணும் சிங்கப்பூர்தானே?

"நீங்க ஆறு வருஷமா பழகிட்டீங்க. நான் இனிமேதானே பழகணும்? எனக்குத் திரும்பி வர்ற முடிவுதாங்க வேணும்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் குரலும்தான். அவர் என் பெண்ணுக்காகவும், நான் அவர் பையனுக்காகவும் முக்கால் மணி நேரம் மல்லுக்கு நின்றோம். கடைசியில் இருவரும் சொல்லிக்கொள்ளாமலே போனை வைத்தோம்.

போச்சு. இருந்த கொஞ்ச நஞ்சமும் போச்சு என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். சுபா வந்தாள்.

"அவங்க அம்மாகிட்ட என்னம்மா சண்டை? பிரசன்னா மெசேஜ் பண்ணிக் கேக்கறார்."

"அவர் எதுக்குடி உனக்கு மெசேஜ் பண்றார்?"

"தினமும்தான் பண்றார். பார்த்துட்டுப் போன அன்னிக்கு சாயங்காலத்துலேர்ந்து."

"அன்னிக்கு அப்படிச் சண்டை போட்டீங்களேடி?"

"இதுக்கு முன்னாடி ஏழு பேர் வந்தாங்க. சமைக்கத் தெரியுமா, வேலையை விடுவியான்னு கேட்டுட்டு இறங்கிப் போயிட்டாங்க. இவர் ஒருத்தர்தாம்மா ஐம்பது நிமிஷம் நான் சொன்னதைக் கேட்டு, அதுக்குப் பதில் சொன்னார்."

ஆவணியில் கல்யாணம். தங்குவதா திரும்புவதா என்று பிள்ளைகள் இன்னும் சந்தோஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பேச்சு நின்றுபோனது சம்பந்திகள் எங்கள் இருவருக்கும்தான்.

யாராவது எங்களைத் தனியாக ஒரு பத்து நிமிடம் மொட்டைமாடிக்கு அனுப்பி வைத்தால் தேவலை.