மருமகள் கட்டி வந்த வெண்கலக் கண்ணாடி

மகனுடைய கலியாணத்தன்று, கனடாவில் ஸ்ரௌவ்வில் என்ற ஊரில், எங்கள் வீட்டு வாசலில் மருமகள் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. நான் அதிகம் படித்தவள் இல்லை, ஆறுதலாக, மெள்ளத்தான் எழுதுவேன். ஆனால் அன்று நடந்ததை என்னைவிட வடிவாக யாரும் சொல்ல மாட்டார்கள். நடுவில் நின்றவள் நான்.

மருமகள் சீனப் பிள்ளை, ரொறன்ரோவிலேயே பிறந்தவள். கலியாணத்துக்கு முதல் கிழமை அவளுடைய தகப்பன் சிவப்புத் துணியில் சுற்றிய ஒரு சாமானைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். வட்டமாக, பாரமாக, பச்சை பூத்துக் கிடந்தது. நடுவில் ஒரு குமிழ். குழம்புச் சட்டி மூடி என்றுதான் நினைத்தேன். வாயைத் திறக்காதது நல்லதாய்ப் போயிற்று. கண்ணாடியாம். அந்தக் காலத்தில் சீனத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியை வெண்கலத்தில்தான் வார்ப்பார்களாம். ஒரு பக்கத்தை முகம் தெரியும்வரை தேய்த்து மினுக்குவது. மறுபக்கம் முழுக்க வேலைப்பாடு: வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடும் மிருகங்கள், பறவைகள், விளிம்பைச் சுற்றி எழுத்து. அவர் விரலை வைத்துச் சில எழுத்துகளைக் காட்டினார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நல்லாயிருக்கட்டும் என்று அர்த்தமாம். மிச்சம் பழைய எழுத்து, தனக்கும் வாசிக்கத் தெரியாது என்றார். வெட்கப்படாமல் அப்படிச் சொன்ன மனுசனை எனக்குப் பிடித்துக்கொண்டது. உண்மையிலேயே அந்தக் காலத்துச் சாமானா, அதைப் பார்த்துப் பிறகு வார்த்ததா என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

தன் தாய் அதை மார்பில் கட்டிக்கொண்டுதான் புகுந்த வீட்டுக்குப் போனாராம். மகளும் அப்படிப் போகவேண்டும், அது ஒன்றுதான் தன் ஆசை என்றார். மினுக்கிய பக்கம் வெளியே பார்க்கவேண்டும். வழியில் கெட்டது எதுவும் வந்தால் அதில் தன் முகத்தையே கண்டு பயந்து ஓடிவிடும். வாசற்படி தாண்டியபிறகு கழற்றலாம். மகன் தமிழில் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் கேட்டு, ஓம் என்றேன். ஓம் என்று சொல்லிவிட்டு மாறுகிறவள் இல்லை நான்.

மச்சாளுக்கு மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. மச்சாள் என் மனுசனின் தமக்கை, மோர்னிங்சைட்டில் இருக்கிறார். என் மனுசன் கண்ணை மூடியபிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்னுக்கு நிற்பவர் அவர்தான். ஆராத்தி எடுப்பது புருசனோடு வாழ்கிறவர்களின் வேலை. நான் தட்டைத் தொடக்கூடாது. ஆகவே தட்டின் ஒரு பக்கம் மச்சாள், மறுபக்கம் என் தங்கச்சி.

மண்டபத்தில் தாலி கட்டி முடிந்து கார்கள் வந்து நின்றன. மருமகள் கூறைச்சேலையோடு படியேறி வந்தாள். நகைகளுக்கு மேலே, சிவப்புக் கயிற்றில், அந்த மங்கல் வட்டம் தொங்கியது. காற்றுக்குத் தட்டில் வாழைப்பழத் துண்டுகளில் குத்தியிருந்த திரிகள் படபடத்தன. உதென்ன என்று மச்சாள் என்னைக் கேட்டார். நான் வாயெடுக்கமுதல் மகன் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான், கெட்டதை விரட்டுகிற கதை உட்பட.

"அப்ப இஞ்சை ஆர் பேய்? கண்ணாடி எங்களைத்தானே பாக்குது," என்றார் மச்சாள்.

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கழற்றிவிட்டு வரட்டும், இல்லாவிட்டால் தான் எடுக்கமாட்டேன் என்று தட்டைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுப் படியோரம் போய் நின்றார். அவருடைய மனுசன் காரைத் திருப்புவதா நிறுத்துவதா என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

மருமகளுக்குத் தமிழ் விளங்காது, ஆனால் முகங்கள் விளங்கின. அவளுடைய கை கயிற்று முடிச்சுக்குப் போனது. தகப்பன் கீழே டிரைவ்வேயில் நின்று அந்தக் கையையே பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கழற்றினால் நான் அவருக்குக் கொடுத்த சொல் போய்விடும். கழற்றாவிட்டால் பிள்ளை ஆராத்தி இல்லாமல் உள்ளே வரவேண்டும், மச்சாளும் இனி இந்த வாசலை மிதிக்கமாட்டார்.

"கழட்டாதை பிள்ளை," என்றேன்.

"அப்ப நீயே ஆராத்தியை எடுமன்," என்றார் மச்சாள்.

எங்கே குத்தும் என்று தெரிந்துதான் சொன்னார். ஆட்கள் பார்க்க அழுகிறவள் இல்லை நான். கீழே பார்த்தேன். மருமகளின் தாய் தன் மனுசனுக்குப் பக்கத்தில் நின்றார். அவரும் புருசனோடு வாழ்கிறவர்தானே. கையைக் காட்டி மேலே கூப்பிட்டேன்.

பாவம், அவர் ஓடிவந்து தட்டின் வெறும் பக்கத்தைப் பிடித்தார். தங்கச்சி சொல்லிக்கொடுக்கமுதல் சுற்றத் தொடங்கினார், அதுவும் மாறி. ஒருவர் அங்கே இழுக்க மற்றவர் இங்கே இழுக்க, தட்டுச் சரிந்து ஒரு திரி அணைந்தது. தாலி கட்டிய அன்று அணைந்த விளக்கைப் பற்றிச் சனம் எத்தனை வருசம் கதைக்கும் என்று எனக்குத் தெரியாதா?

மச்சாளால் பொறுக்க முடியவில்லை. வந்துவிட்டார்.

"சம்பந்தி, உப்பிடி இல்லை. இஞ்சாலை சுத்த வேணும்."

அணைந்த திரியைப் பக்கத்துச் சுவாலையில் பிடித்துக் கொளுத்தினார். பிறகு தட்டைப் பிடித்து, சம்பந்தியின் கைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சுற்றினார். சம்பந்தி கையை எடுக்கவில்லை. எடு என்று மச்சாளும் சொல்லவில்லை. பழைய வெண்கலத்தில் வெளிச்சம் கலங்கலாக ஏறி இறங்கியது. மச்சாள் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பவேயில்லை. பிள்ளையின் நெற்றியை மட்டும் பார்த்துப் பொட்டு வைத்தார்.

"வலது காலை வைச்சு வா," என்றார். பிறகு, முகத்தை இறுக்கியபடியே, "உதை ஒரு கையாலை பிடி. ஆடுது."

மகன் அதை இங்கிலிஷில் சொன்னான். மருமகள் கண்ணாடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.